கொட்டாஞ்சேனையில் அத்திவாரம் வெட்டும்போது பழைய கிணறு: அறிவிப்பதா, மூடுவதா?

மூன்றாம்_ஒழுங்கை
செவ்வாய், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். காணி, வீடு விஷயம் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனையில், வுல்பெண்டால் தேவாலயத்துக்குக் கிட்ட, அம்மாவின் பேரில் 17 பேர்ச் காணி இருக்கிறது. அதில் இருந்த ஓட்டு வீடு ஒழுகி, கூரை மரமெல்லாம் கறையான் தின்று, இனித் திருத்த முடியாத நிலை. ஒரு கட்டிடக் கம்பனியோடு கூட்டு ஒப்பந்தம் போட்டோம். காணி எங்களுடையது, கட்டுவது அவர்கள், ஐந்து மாடி, எங்களுக்கு இரண்டு வீடு. மாநகர சபையில் பிளான் பாஸ் ஆகிவிட்டது. வீட்டை உடைத்து, பின்பக்கம் பெக்கோ வைத்துத் தோண்டத் தொடங்கினார்கள்.

இடுப்பளவு ஆழம் போனதும் வட்டமாக ஒரு செங்கல் கட்டு வெளியே வந்தது. கிணறு. எங்களுக்குத் தெரிய அந்த இடத்தில் கிணறு இருந்ததே இல்லை, அம்மம்மா காலத்திலும் அங்கே குசினிதான். கல்லும் இப்போதைய செங்கல் மாதிரி இல்லை. சின்னது, மெல்லிசு, மஞ்சள் ஓடின நிறம், இடையில் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து. உள்ளே மண் அடைத்துக் கிடக்கிறது. பெக்கோ அள்ளிப் போட்ட மண்ணில் நீலப்பூப் போட்ட பீங்கான் துண்டுகள், ஒரு தடித்த மண்ணிறப் போத்தலின் கழுத்து, ஒரு செப்புக் காசு. காசில் வி, ஓ, சி என்ற எழுத்துகளைப் பின்னிய முத்திரை.

சைட்டைப் பார்க்கிறவர் சொல்கிறார்: "மிஸ், இதை வெளியே சொன்னால் வருஷக்கணக்கில் வேலை நிற்கும். நாளைக்கே கொங்கிரீட் ஊற்றி மூடிவிடுவோம்." அம்மாவுக்கும் பயம். காணியே போய்விடுமோ என்கிறார். லிப்ட் குழி வருவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

உண்மையில் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வன்னிமண்
செவ்வாய், இரவு 9.40

மூடி விடுங்கோ தங்கச்சி. ரெண்டாவது கதைக்கு இடமில்லை.

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட ஆக்களுக்கு ஏன் நெஞ்சு திக்கென்கிறது என்று கொழும்பில் இருக்கிற ஆக்களுக்கு விளங்காது. முல்லைத்தீவில், குருந்தூர்மலையில் தொல்பொருள் திணைக்களம் எல்லைக்கல் போட்ட பிறகு, வழிவழியாக வயல் செய்தவன் தன்ர வயலுக்குள்ள இறங்க முடியாமல் நின்றான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி போட்டார்கள். பாதிக்கு மேல் தமிழரும் முஸ்லிமும் வாழ்கிற மாகாணம். முதலில் நியமித்த பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தத் திணைக்களத்துக்குப் போய் நீங்களாகக் கதவைத் திறந்து விடப் போறீங்களோ?


வரைபடக்காரன்
செவ்வாய், இரவு 10.25

மூன்றாம்_ஒழுங்கை, முதலில் அந்த மூலையில் பெக்கோவை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றப் பக்கத்தில் வேலை நடக்கட்டும். இன்று இரவே ஊற்றி மூட ஒருவருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

நான் வரைபடம் போட்டு மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் கொண்டுபோய்ப் பாஸ் எடுக்கிற வேலை செய்கிறவன். சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தோடு அடிக்கடி முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அதற்கு 1998இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. அதன் கீழ் 2000ஆம் ஆண்டு வந்த வர்த்தமானி அறிவித்தலின்படி, 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் அபிவிருத்தித் திட்டம் செய்வதானால் முன்கூட்டியே தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். செலவு திட்டம் செய்கிறவருடையது. ஆட்கள் வந்து நிலத்தைப் பார்த்து, தேவையென்றால் சோதனைக் குழி வெட்டி, கட்டலாமா, எங்கே கட்டக்கூடாது என்று அறிக்கை கொடுப்பார்கள்.

நல்ல ஏற்பாடு. ஆனால் 0.25 ஹெக்டேயர் என்பது பேர்ச்சில் ஏறத்தாழ 99. கொட்டாஞ்சேனையில், புறக்கோட்டையில், கொம்பனித்தெருவில் 99 பேர்ச் யாரிடம் இருக்கிறது? கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், அரசாங்கம். மற்ற எல்லாரும் 6, 10, 20 பேர்ச்காரர். கொழும்பில் மண்ணுக்குக் கீழே பழையது அதிகம் இருக்கக்கூடிய இடங்கள் இந்தச் சின்னத் துண்டுக் காணிகள்தான், அவற்றைத்தான் அந்த விதி தொடுவதில்லை. உங்கள் 17 பேர்ச்சுக்கு ஒருவரும் முன்கூட்டி வந்து பார்க்காததற்குக் காரணம் அதுதான். கம்பனி எதையும் மறைக்கவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று திகதி. இந்தச் சட்டத்தில் தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2க்கு முற்பட்டது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கண்டிக்கு அந்த நாள் பொருந்தும். கொழும்பை ஒல்லாந்தர் பிடித்தது 1656இல், ஆங்கிலேயர் பிடித்தது 1796இல். நாங்கள் நிமிர்ந்து பார்த்துப் பழைய கொழும்பு என்று சொல்கிற கட்டிடங்களில் முக்கால்வாசி 1815க்குப் பிந்தியவை. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் நூறு வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அமைச்சர் தனித்தனியாக வர்த்தமானியில் அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காதவரை அது வெறும் பழைய கட்டிடம். உடைக்கலாம்.

சரி, உங்கள் கிணறு. அது 1815க்கு முந்தியதாக இருந்தால், காணி ஒரு பேர்ச்சாக இருந்தாலும் சட்டம் பொருந்தும். நிலத்துக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் அரசின் சொத்து. கண்டால் தாமதமில்லாமல் அறிவிக்க வேண்டும். தெரிந்துகொண்டு அழித்தால் குற்றம். உடைத்தவனோடு உடைக்கச் சொன்னவனும் மாட்டுவான். காணி உறுதி அம்மாவின் பேரில் இருப்பதை மறக்க வேண்டாம்.


வன்னிமண்
செவ்வாய், இரவு 10.41

மேற்கோள்: "நிலத்துக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் அரசின் சொத்து."

அதைத்தானே நானும் சொல்கிறேன். இண்டைக்குக் கிணறு அரசின்ர சொத்து, நாளைக்குக் காணி?


வரைபடக்காரன்
செவ்வாய், இரவு 10.58

காசும் துண்டும் அரசுக்குப் போகும், காணி அம்மாவுடையதாகவே இருக்கும். காணியை எடுக்க வேண்டுமானால் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் தனியாக அறிவித்தல் கொடுத்து, இழப்பீடு மதிப்பிட்டு, பெரிய ஊர்வலமே நடத்த வேண்டும். கொழும்பில் ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு கிணற்றுக்காக 17 பேர்ச்சுக்கு அந்த விலை கொடுக்க எந்தத் திறைசேரியும் வராது.

உங்கள் ஊரில் நடந்ததை நான் மறுக்கவில்லை அண்ணே. அங்கே நடந்தது அரசியல், அதற்குத் தொல்லியல் ஒரு போர்வை. இங்கே ஒருவரும் அந்தக் கிணற்றின் மேல் கொடி நடப் போவதில்லை.


கொம்பனித்தெரு_நானா
புதன், காலை 6.50

சுபஹ் தொழுதுவிட்டு வந்து வாசித்தேன். தங்கச்சி, மூடாதீங்க.

எங்கட பக்கம் என்ன நடந்தது என்று தெரியுமா? டி சொய்சா கட்டிடம் என்று ஒன்று இருந்தது. 1870கள் வாக்கில் கட்டினது. கீழே கடை, மேலே வீடு, முகப்பு நீளத்துக்குச் சாந்து வேலைப்பாடு. சின்ன வயதில் வாப்பாவோடு அதன் கீழே இருந்த ஹோட்டலில் முட்டை ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காணி அபிவிருத்தித் திட்டத்துக்குப் போனது. ஆட்களை எழுப்பினார்கள். ஆள் இல்லாத கட்டிடம் மழையில் நனைந்து பொரிந்தது. 2021இல் ஒரு பகுதி விழுந்தது, பிறகு மீதியையும் இறக்கிவிட்டார்கள். கட்டிடக் கலைஞர்கள், வரலாற்று ஆட்கள் எல்லாம் எழுதினார்கள், சத்தம் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தம்பி வரைபடக்காரன் சொன்ன 1815தான் காரணம் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

ஆனால் ஒன்று, அங்கே இருந்த சனத்துக்கு அந்தக் கட்டிடம் அலங்காரம் இல்லை, அது அவர்கள் வீடு. கட்டிடத்துக்காக எழுதினவர்களில் எத்தனை பேர் அந்தக் குடும்பங்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார்கள்? மாடி வீட்டுத் தொகுதிக்குப் போன என் மச்சினன் இன்னும் லிப்ட் பழுதானால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறான். பழையதைக் காப்பாற்றுகிறவர்கள் அதில் இருக்கிற மனுஷனையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கவேண்டும். இல்லையென்றால் அந்த மனுஷனே முதல் ஆளாக நின்று உடைப்பான், உடைக்கிறவனைக் குறை சொல்லவும் ஏலாது.


டோஹா_கியூஎஸ்
புதன், காலை 8.05

இங்கே ஒருவரும் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லையே. நான் வளைகுடாவில் கட்டிட அளவையாளர், ஒப்பந்தம் வாசிப்பதுதான் தொழில்.

பெரிய வேலைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற பீடிக் ஒப்பந்தத்தில், 1999 சிவப்புப் புத்தகத்தில், 4.24 என்று ஒரு வாசகம் இருக்கிறது. தலைப்பு புதைபடிவம்; உள்ளே நாணயம், பழம்பொருள், கட்டிட எச்சம் எல்லாம் வரும். சைட்டில் கிடைத்தால் கொந்தராத்துக்காரர் உடனே அறிவிக்க வேண்டும், ஆட்கள் எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் வேலை தாமதமானால் அவருக்கு மேலதிக காலமும் செலவும் கிடைக்கும். அதாவது, உண்மையைச் சொன்னதற்காகக் கொந்தராத்துக்காரர் நட்டப்படக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சொன்னால் நட்டம் என்றால் யார் சொல்வான்?

கொழும்புக் கூட்டு ஒப்பந்தங்களில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. இத்தனை மாதத்தில் முடிக்காவிட்டால் தண்டம் என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். உங்கள் சைட்காரர் அவசரப்படுவது கெட்ட மனதால் அல்ல, மாடி வீட்டுக்கு முற்பணம் கொடுத்தவர்கள் அவர் கழுத்தில் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்து, தாமதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, "எமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம்" என்று ஏதும் இருக்கிறதா, அரசு உத்தரவு அதில் அடங்குமா என்று பாருங்கள். அடங்கினால் அவருடைய பயத்தில் பாதி போய்விடும்.


பல்லாவரம்_சேகர்
புதன், காலை 9.30

சென்னையிலேருந்து ஒரு எட்டிப் பார்வை.

எங்க ஏரியா பேரைக் கேட்டாலே தொல்லியல்காரங்களுக்குத் தெரியும். 1863ல ராபர்ட் புரூஸ் பூட் கல்லாயுதம் எடுத்தது இங்கதான். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ள இடமும் இருக்கு. இந்தியாவில 2010 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் புதுசா கட்டவே கூடாது, அதுக்கு அப்பால 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான் கட்டணும். இடத்தோட தன்மை என்ன, சுத்தி ஏற்கெனவே எவ்வளவு வீடு இருக்குன்னெல்லாம் பாக்காத ஒரே அளவு. முப்பது வருஷமா குடியிருக்கிறவன் மாடி எடுக்க முடியாம அலையுறான். விளைவு என்னன்னா, இங்க யாராவது ஒரு பானை ஓட்டைக் கண்டா சத்தம் போடாம மண்ணைத் தள்ளிடுவாங்க.

உங்க ஊர்ல வலை ரொம்பப் பெரிய கண்ணு, எங்க ஊர்ல கண்ணே இல்லாத வலை. ரெண்டுலயும் மீன் சாகுது.


பழைய_வகுப்பறை
புதன், முற்பகல் 11.15

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை பேசுகிறேன். பிள்ளை, அந்தக் காசைக் கழுவிவிட்டாயா? கழுவவில்லை என்றால் தயவுசெய்து கழுவாதே. புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், மேலே இருக்கிற எழுத்தும் அதோடு போய்விடும். ஒரு கடதாசி உறையில் போட்டு, எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் வந்த மண்ணில் இருந்தது என்று வெளியே எழுதி வை.

காசு கிடைத்ததாலேயே கிணறு ஒல்லாந்தர் காலம் என்று ஆகிவிடாது. வி, ஓ, சி என்பது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை; அந்தக் கம்பனியின் செப்புக் காசு ஆங்கிலேயர் வந்த பிறகும் கைமாறிக்கொண்டு இருந்தது. கிணற்றை யாரோ பிற்காலத்தில் குப்பை போட்டு நிரப்பியிருக்கலாம், குப்பைக்குள் பழைய காசு வந்திருக்கலாம். அதனால்தான் கிணற்றுக்குள் அடைத்திருக்கிற மண் முக்கியம். அடியில் கிடப்பது கிணறு பாவனையில் இருந்தபோது தவறி விழுந்தது. வாளி, குடத்து ஓடு, சில வேளை மரம், தோல்கூட ஈரத்தில் கெடாமல் இருக்கும். மேலே கிடப்பது மூடும்போது கொட்டியது. அடுக்கு கலையாமல் இருந்தால் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்தத் துறைமுகத்துப் பீங்கானில் சாப்பிட்டார்கள் என்பதுவரை சொல்லலாம். பெக்கோ ஒரு தரம் கிண்டினால் எல்லாம் வெறும் ஓட்டுக்குவியல். நீங்களாகவும் உள்ளே இறங்கித் தோண்டாதீர்கள், அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடி அகழ்வதும் குற்றம்.

வன்னிமண் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கொழும்பு மண்ணுக்குள் இருப்பது யாருடைய சரித்திரம் என்று நினைக்கிறீர்கள்? கொழும்பு அருங்காட்சியகத்தில் மும்மொழிக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. 1409ஆம் ஆண்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதியிருக்கிறது. தமிழில் இருப்பது தேவேந்திரமுனைக் கோயிலில் இருந்த தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கான காணிக்கை. அந்தக் கல் 1911இல் காலியில் எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஒரு மதகுக்கு மூடுகல்லாகப் போட்டிருந்தார்கள். தென்னிலங்கைக் கடற்கரையில் தமிழ் வணிக மொழியாக இருந்ததற்குச் சாட்சி, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து வாய்க்காலின் மேல் கிடந்தது. அன்றைக்கு அதைப் புரட்டிப் பார்த்த பொறியியலாளர், "எனக்கென்ன, திரும்பப் போட்டு மூடு" என்று சொல்லியிருந்தால்?


கொம்பனித்தெரு_நானா
புதன், பிற்பகல் 1.20

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. கொழும்பு மையவாடியில் இருந்த ஒரு அரபுக் கல்லறைக் கல்லைப் பற்றி அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதி வெளியிட்டார். ஹிஜ்ரி நாலாம் நூற்றாண்டு, அதாவது கிறிஸ்துவுக்குப் பின் பத்தாம் நூற்றாண்டு. போர்த்துக்கீசர் வர ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நாங்கள் நேற்று வந்தவர்கள் என்று சொல்கிறவனுக்குக் காட்ட எங்களிடம் இருப்பது அந்த மாதிரி ஒரு கல்தான்.


வன்னிமண்
புதன், பிற்பகல் 1.52

டீச்சர், கல்வெட்டு விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி கல்லைப் பற்றியது அல்ல, கல்லை வாசிக்கிறவனைப் பற்றியது. கண்டெடுத்ததைச் சரியாக எழுதி வைப்பார்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. அந்த நம்பிக்கையை உடைத்தது நாங்கள் இல்லை.


பழைய_வகுப்பறை
புதன், பிற்பகல் 2.10

அப்படியானால் நாங்களே முதலில் பதிவு செய்துவிட்டுக் கொடுப்போம். படம், அளவு, திகதி, எல்லாவற்றிலும் ஒரு பிரதி கையில். யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டையில் மண் அள்ளின இடத்தில் பழைய ஓடுகள் வெளிப்பட்டன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் போய் அகழ்ந்தார்கள், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் செய்த வேலை அது. கண்டவர்கள் பயந்து பேசாமல் இருந்திருந்தால் அந்த மேடு முழுக்க லொறியில் போய் எங்கேயோ பள்ளத்தை நிரப்பியிருக்கும். மறைத்தால் எழுதுகிறவன் பிழையாக எழுதுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாது, தம்பி.


ஹரோ_அக்கா
புதன், மாலை 4.47

லண்டனில் 1989இல், ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அத்திவாரம் ஒரு அலுவலகக் கட்டிட வேலையில் வெளியே வந்து பெரிய அமளி. அடுத்த வருஷமே அரசாங்கம் வழிகாட்டல் கொண்டுவந்தது: பிளான் அனுமதிக்கு முதலே நிலத்தைச் சோதிக்க வேண்டும், செலவு கட்டுகிறவருடையது. அன்றிலிருந்து இங்கே ஒரு சின்ன வீடு கட்டினாலும், பழைய இடம் என்று குறித்த பகுதியில் இருந்தால் முதலில் ஆள் வந்து பார்ப்பார். யாரும் பயப்படுவதில்லை.


வரைபடக்காரன்
புதன், மாலை 5.30

ஹரோ அக்கா, "பழைய இடம் என்று குறித்த பகுதி" என்று சொன்னீர்களே, எங்களுக்குத் தேவை அதுதான். காணியின் அளவைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கிற விதி. பழைய கோட்டைக்குள் இருந்த பகுதி, புறக்கோட்டை, வுல்பெண்டால் சுற்றுவட்டாரம் என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டுக்குள் யார் பிளான் போட்டாலும், ஆறு பேர்ச்சானாலும், வீடு உடைத்ததும் அத்திவாரத்துக்கு முன் ஒரு நாள் ஒரு அலுவலர் வந்து சோதனைக் குழி பார்க்கட்டும். ஒல்லாந்தர் காலத்து வரைபடங்களே இருக்கின்றன, தெருக்கள் பெரும்பாலும் இன்னும் அதே கோட்டில்தான் ஓடுகின்றன. எங்கே தோண்டினால் என்ன வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

பெக்கோ இறங்கிய பிறகு கிணறு வந்தால் எல்லாரும் எதிரி. பிளான் மேசையில் இருக்கும்போது வந்தால் அது ஒரு லிப்ட் குழியை இரண்டு மீட்டர் தள்ளிப் போடுகிற வேலை, ஒரு பின்னேரத்தில் நான் வரைந்து கொடுப்பேன்.

காசு வரும் என்று தெரிந்தால் அரசும் காப்பாற்றத்தான் செய்கிறது. கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலை பதினேழாம் நூற்றாண்டுக் கட்டிடம், 2011இல் திருத்திச் சாப்பாட்டுக் கடையும் துணிக்கடையுமாகத் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நானும் போய்க் கோப்பி குடித்திருக்கிறேன், விலையைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஆனால் கொட்டாஞ்சேனைக் குசினிக்குக் கீழே இருக்கிற கிணற்றில் யாரும் கோப்பிக் கடை போட முடியாது. அதற்கு விதி மட்டும்தான் துணை.


எத்துல்கோட்டே_வாசி
புதன், இரவு 8.12

கோட்டேயில் இருக்கிறேன். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுத் தலைநகர், 1565இல் கைவிட்டுப் போனார்கள். சுற்றிவர கபுக்கல் (செம்புரைக்கல்) மதிலும் அகழியும் இருந்தது. இப்போது வந்து பாருங்கள், மதில் எங்கே என்று தேட வேண்டும். ஒரு துண்டு ஒருவர் வீட்டுக் கொல்லையில், அடுத்த துண்டு இன்னொருவர் வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் சுற்றுமதிலில் அடிவரிசைக் கல் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிசு, விளிம்பு வெட்டிச் செதுக்கியது. எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையில்லை.

இது சிங்கள ராஜதானி, சுற்றிவர சிங்களச் சனம், நாடாளுமன்றம் கூப்பிடு தூரத்தில். அப்படியும் இந்தக் கதி. அதனால் வன்னிமண் சொல்வதோடு ஒரு வரி சேர்க்கிறேன்: திணைக்களம் எங்களைத் தேடி வந்து பறிக்கும் என்று பயப்படுகிறோம், பாதி இடத்தில் அது தேடி வருவதே இல்லை.


நெறியாளர்
புதன், இரவு 8.30

செயலணி பற்றிய மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். இங்கே கிணறு.


மூன்றாம்_ஒழுங்கை
சனி, இரவு 7.35

எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லவேண்டும்.

ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தோம். தாமதத்துக்குத் தண்டம் இருக்கிறது, ஆனால் "அரச அதிகாரியின் உத்தரவால் ஏற்படும் தாமதம் நீங்கலாக" என்று ஒரு வரி, பின்பக்கத்தில். டோஹா அண்ணா சொல்லாவிட்டால் கண்டிருக்கவே மாட்டோம். அதைக் காட்டியதும் கம்பனிக்காரரின் குரலே மாறிவிட்டது. "அப்படியென்றால் எழுத்தில் கொடுங்கள், எனக்கும் ஒரு பிரதி வேண்டும்" என்றார்.

டீச்சர் சொன்னபடி படம் எடுத்தேன். பக்கத்தில் அடிமட்டம் வைத்து, நாலு பக்கத்திலும் இருந்து. ஒரு கல் 17 சென்ரிமீற்றர் நீளம், தடிப்பு 4கூட இல்லை. பக்கத்து வீட்டு மேசன் பாஸ் வந்து சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சிப்பி சுட்ட சுண்ணாம்பு என்றார். சிப்பித் துண்டு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. மழைக்கு மேலே தகரம் போட்டு மூடியிருக்கிறோம்.

பிறகு கடிதம். தமிழிலேயே எழுதி, கொழும்பு 7இல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திணைக்களத் தலைமையகத்தில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் எழுதி வரச் சொன்னார். தமிழில் எழுத எனக்கு உரிமை இருக்கிறது, பதிலும் தமிழிலேயே தாருங்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், பிறகு உள்ளே போய் வேறொருவரைக் கூட்டிவந்தார். அவர் வாங்கிப் பிரதியில் முத்திரை அடித்துத் தந்தார். கிராம சேவகருக்கும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று.

நேற்று இரண்டு அலுவலர்கள் வந்தார்கள். ஒருவர் இளம் பெண். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காசையும் துண்டுகளையும் எண்ணிப் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள். அந்தப் பட்டியலையும் நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வன்னிமண் அண்ணாவுக்காக. கிணற்றின் உள்மண்ணை அவர்களே அகழ்ந்து பதிவு செய்யும்வரை அந்த மூலையைத் தொடவேண்டாம், முன்பக்க வேலையைத் தொடரலாம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எப்போது வருவார்கள் என்று மட்டும் திகதி போடவில்லை. அதுதான் இப்போது தலையிடி. அம்மா தினமும் கேட்கிறார்.


வன்னிமண்
சனி, இரவு 8.02

திகதி போடாததைப் பார்த்தீங்களோ. அடுத்த கிழமை திரும்ப ஒரு கடிதம் குடுங்கோ, முதல் கடிதத்தின்ர திகதியைப் போட்டு. பட்டியலைப் பத்திரமாக வையுங்கோ. நல்ல வேலை செய்தனீங்கள்.


டோஹா_கியூஎஸ்
சனி, இரவு 8.20

அந்த எழுத்து உத்தரவின் பிரதியைக் கம்பனிக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதாது. தண்டக் காலம் அன்றிலிருந்து நின்றுவிடும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.


வரைபடக்காரன்
சனி, இரவு 9.05

அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் லிப்டை நகர்த்துவதை இப்போதே பாருங்கள். படிக்கட்டும் லிப்டும் இடது பக்கச் சுவரோடு போனால் கிணறு வாகனத் தரிப்பிடத்தின் கீழே வரும், அதன் மேல் பாரம் இறங்காது. தூண் ஒன்று மாறும், அதற்குக் கட்டமைப்புப் பொறியியலாளர் கையெழுத்து வேண்டும். மாநகர சபைக்குத் திருத்திய வரைபடம் போட வேண்டும். பாஸ் ஆன பிளானையும் கிணற்றின் நடுவில் இருந்து இரண்டு எல்லைச் சுவர்களுக்கும் உள்ள தூரத்தையும் தனி மடலில் அனுப்புங்கள். ஞாயிறு பின்னேரம் கோடு போட்டுப் பார்க்கிறேன்.